குளிர்க்கிடங்கில் ஒரு கம்பளித் தொப்பி

சிங்கப்பூரில் தினமும் மத்தியானம் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொள்கிற ஆள் நான். தார் ரோடு இளகுகிற வெயிலில், தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிய குளிர்க்கிடங்கின் வாசலில் நின்று, கழுத்தில் வியர்வை சொட்டச் சொட்ட, யாரோ பட்டாளத்துக்காரன் விட்டுப்போன அந்தப் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போவேன். ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த ஆட்டிறைச்சியும் வெண்ணெய்ப் பெட்டிகளும் அங்கே உறைந்து கிடக்கும். பெட்டிமேல் உள்ள அடையாளங்களைச் சரிபார்த்துவிட்டு விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடி வருவேன். இங்கே குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். நான் குளிர்க்கிடங்குக் கிராணி. மேசை வெயிலில், வேலை பனியில். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும், எனக்கே சில நாள் வரும்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் என் மகள் பூங்கோதை வந்து, "அப்பா, எனக்கு இங்கிலாந்துல நர்ஸ் டிரெய்னிங்குக்கு இடம் கிடைச்சிருச்சு, சைன் பண்ணுங்க" என்றாள். இந்த மண்ணில் பிறந்து, தேக்கா மார்க்கெட்டுக்கு எதிரே மாடி அறையில் வளர்ந்த பெண். பதினெட்டு வயது. அப்பன் கையெழுத்து இல்லாமல் போக முடியாது. அந்த மாதத்துக்குள் தபாலில் சேர்க்க வேண்டுமாம். எனக்குத் தலை கிர்ரென்றது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு இங்கிருந்து புறப்படுகிற காலத்தில், இவள் அவன் ஊருக்குப் போகிறேன் என்கிறாளே! என் மனசில் என்னென்னவோ ஓடியது. எதையும் வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்தது ஒன்றுதான்: "அங்க பயங்கரக் குளிராச்சேம்மா."

"குளிர்தான் பிரச்சினைன்னா தொப்பி வாங்கிப் போட்டுக்கிறேன்" என்றாள்.

"எந்தத் தொப்பி தாங்கும்? முதல்ல தொப்பிய நான் பாக்கணும். அது தாங்குச்சுன்னா கையெழுத்துப் போடறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என் மனைவி செல்லம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நல்லாயிருக்கு. உலகத்துல எவனாவது தொப்பியக் கேட்டுப் பொண்ண அனுப்புவானா? நீங்க மட்டும் கப்பல் ஏறலாம், அவ ஏறக் கூடாதா?" என்றாள். பெற்றவள் தடுப்பாள், நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பேன் என்று நினைத்திருந்தேன். வீட்டில் எல்லாம் தலைகீழாக இருந்தது.

ஹை ஸ்திரீட்டில் சிந்திக்காரர் ஒருவர் துணிக்கடை வைத்திருக்கிறார். சீமைக்குப் போகிறவர்கள் அவரிடம்தான் கம்பளி வாங்குவார்கள். தலைக்கு மேலே மின்விசிறி சுற்ற, கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பளித் துணிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூங்கோதை கேட்டதும் சாம்பல் நிறத்தில் ஒரு தொப்பியை எடுத்துப் போட்டார். கையில் வாங்கினேன். குருவிக் குஞ்சு கனம்கூட இல்லை. இதையா குளிருக்குப் போடுவார்கள்? எங்கள் பக்கத்தில் மார்கழியில் பனி விழுந்தால் காதைத்தான் முதலில் மூடுவோம். குளிர் காது வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இந்தத் தொப்பியோ காதுக்கு மேலேயே நின்றுவிடுகிறது.

"இயர்? இயர் எங்கே?" என்று காதைத் தொட்டுக் காட்டினேன்.

"அவுட்டோர், அவுட்டோர்" என்றார் கடைக்காரர். இது வெளியில் நடமாடுகிறவர்களுக்கு, மலை ஏறலாம், ஓடலாம், சைக்கிள் விடலாம், கனமே தெரியாது என்று ஆங்கிலத்தில் அடுக்கினார். எனக்குக் கோபம் வந்தது. என் மகள் நோயாளியைப் பார்க்கப் போகிறாள், மலை ஏற இல்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் உடனே இரக்கமாக மாறிவிட்டது. உள்ளே போய், தாடைக்குக் கீழே முடிச்சுப் போடுகிற வேறொரு தடித்த குல்லாவைக் கொண்டுவந்து, "ஃபார் த பேஷண்ட்" என்று மிக மெதுவாகச் சொல்லி என் தலையில் வைத்துப் பார்த்தார். நான்தான் நோயாளியாம்! பூங்கோதை சிரித்தாளே ஒரு சிரிப்பு, கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் காட்டிய லேசான தொப்பியையே வாங்கினோம்.

அதை எப்படிச் சோதிப்பது? சிங்கப்பூரில் குளிருக்கு எங்கே போவது? என்னிடம்தான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை, வேலை ஓய்ந்த நேரத்தில், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தொப்பியை மட்டும் போட்டுக்கொண்டு கிடங்குக்குள் போனேன். மூட்டை தூக்குகிற குப்புசாமி துணைக்கு வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இது ரூம் குளிர், கிராணி. அங்க குளிர் வெளியில இருக்கும்ல? காத்து இல்லாம என்ன குளிர் லா?"

சொன்னதோடு நிற்காமல் ஆபீசிலிருந்து மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து, வயரை இழுத்து மாட்டி, என் முகத்துக்கு நேரே திருப்பிவிட்டான். அடேயப்பா! அதுவரை நான் குளிர் என்று நினைத்ததெல்லாம் குளிரே இல்லை. காது இரண்டும் கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. தொப்பியைக் காதுக்கு இழுத்தேன், பின்மண்டை தெரிந்தது. பின்னால் இழுத்தேன், நெற்றி போயிற்று. "நில்லாதீங்க, நடங்க! பாப்பா பஸ்ஸுக்கு நடக்கும்ல!" என்று குப்புசாமி கத்தினான். மெல்லிய துணி சுற்றித் தொங்குகிற ஆடுகளுக்கு நடுவே விறுவிறு என்று நடந்தேன். கொஞ்ச தூரம் ஓடியும் பார்த்தேன். ஐம்பதை நெருங்குகிற மனுஷன், ஒரு தொப்பியோடு, செத்த ஆடுகளுக்கு முன்னால்!

நடக்க நடக்க ஒன்று நடந்தது. உச்சந்தலையில் கதகதப்பு ஏறியது. கனமே இல்லாத அந்தத் தொப்பி வேலை செய்கிறது. அந்தக் கணத்தில் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, ஏமாற்றம். அப்போதுதான் புரிந்தது, அது தோற்க வேண்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அடுத்த நிமிஷமே இன்னொரு எண்ணம்: அவள் போன பிறகு அங்கே இது தோற்றுவிட்டால் குழந்தை என்ன ஆவாள்? தொப்பி ஜெயிக்க வேண்டுமா தோற்க வேண்டுமா என்று எனக்கே தெரியாமல் போயிற்று. கதகதப்பு தொப்பியாலா, ஓடியதாலா, அதுவும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மண்டோர் இஸ்மாயில் உள்ளே எட்டிப் பார்த்தார். ஆட்களை மேய்க்கிறவர், நல்ல மனுஷர். விசிறிக்கு முன்னால் கம்பளித் தொப்பியோடு ஓடுகிற என்னைப் பார்த்ததும் திகைத்து, "சாக்கிட் கா, கிராணி?" என்று உடம்புக்கு என்ன என்று மலாயில் கேட்டார். பல் கிட்டிப்போயிருந்தது. "இங்கிலாந்து, இங்கிலாந்து" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாயங்காலத்துக்குள் துறைமுகம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: கிராணி இங்கிலாந்துக்குப் போகிறாராம், இப்போதே குளிருக்குப் பழகுகிறாராம். சீன டிரைவர் ஒருவர் காப்பி வாங்கிக் கொடுத்தார். இல்லை, நான் போகவில்லை என்று சொன்னால், பாவம், தன்னடக்கம் என்று நினைத்தார்கள்.

வீட்டுக்குப் போனதும் பூங்கோதை வாசலிலேயே நின்றாள். "தாங்குச்சாப்பா?"

"தெரியலம்மா" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. "சூடாத்தான் இருந்துச்சு. ஆனா அது ரூம் குளிர். அங்க வானமே குளிரா இருக்கும். எதுக்கும் இன்னொரு தடவை பாத்துட்டு…"

"போதும்ப்பா." என்னிடமிருந்து தொப்பியை வாங்கிக்கொண்டாள். "உங்க பயம் குளிர் இல்ல. நான் திரும்பி வர மாட்டேன்னுதானே பயப்படறீங்க?"

கேட்டே விட்டேன். "வருவியா?"

அவள் உடனே பதில் சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நீங்க புறப்பட்டப்ப தாத்தாகிட்ட என்னப்பா சொல்லிட்டு வந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் புறப்பட்டது ஜப்பான்காரன் சண்டை முடிந்து கப்பல் ஓட ஆரம்பித்த புதிதில். நாகப்பட்டினத்தில் கரையிலிருந்து படகேறிக் கப்பலுக்குப் போக வேண்டும். என் அப்பா என்னை எதுவும் தடுக்கவில்லை. படகு புறப்படுகிற சமயத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அங்க அரிசிச் சோறு கிடைக்குமாடா?" கிடைக்கும் என்றேன். அதைத் தவிர வேறு எதையும் அவருக்குக் கேட்கத் தெரியவில்லை என்று அன்று நினைத்தேன். "மூணு வருஷத்துல வந்துடறேன்" என்று நானாகத்தான் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். பிறகு வேலை நிலைத்தது, கல்யாணத்துக்குப் போய்ச் செல்லம்மாவை அழைத்து வந்தேன், பூங்கோதை பிறந்தாள், பள்ளிக்கூடம், வாடகை, அது இது என்று காலம் ஓடியது. அடுத்த முறை நான் ஊருக்குப் போனபோது அப்பா இல்லை.

மகளுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியும். செல்லம்மா சொல்லியிருப்பாள். "மூணு வருஷம்னு சொல்லிட்டு வந்தேன்" என்றேன். பூங்கோதை தலையை ஆட்டினாள். "அதான்ப்பா நான் எதுவும் சொல்லல" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். செல்லம்மா பேனாவை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று, குளிரில் விறைத்த விரல்கள் இன்னும் மடங்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

கப்பல் எங்கள் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டது. இஸ்மாயில், குப்புசாமி எல்லோரும் வந்தார்கள். ஏறுவது நான் அல்ல, என் மகள் என்று அன்றுதான் இஸ்மாயிலுக்குப் புரிந்தது. அவர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

போய்ச் சேர்ந்த சில வாரத்தில் எழுதினாள். தொப்பி நன்றாக இருக்கிறது, காதுக்குத் தனியாக மப்ளர் சுற்றிக்கொள்கிறேன், குளிர் ஒன்றும் அப்படி இல்லை, பழகிவிட்டது என்று. செல்லம்மா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். நான் அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். பழகிவிட்டதா, அதற்குள்ளா? பழகாமல் கஷ்டப்படட்டும் என்று எந்த அப்பனாவது நினைப்பானா? நினைக்கவில்லை. ஆனால் பழகிவிட்டது என்று நானும் ஒரு காலத்தில் என் அப்பாவுக்கு எழுதினேன். இங்கே அரிசிச் சோறு கிடைக்கிறது, எல்லாம் பழகிவிட்டது என்று. படித்துக்காட்டச் சொல்லி அவர் எந்த வாசலில் உட்கார்ந்து கேட்டாரோ.

இப்போதெல்லாம் கிடங்குக்குள் போனால் வேலை முடிந்த பிறகும் சட்டென்று வெளியே வர மனம் வருவதில்லை. இங்கிலாந்தில் இன்னும் விடிந்திருக்காது, அவள் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருப்பாள் என்று தோன்றும். உள்ளேயே நின்றால் வீட்டில் தனியாக இருக்கும் செல்லம்மாவின் நினைப்பு வரும், வெளியே வந்தால் மகளின் நினைப்பு. நேற்று மத்தியானம் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். முதுகில் வெயில் சுட்டது, முகத்தில் பனிப்புகை அடித்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, பின்னாலிருந்து இஸ்மாயிலின் சத்தம் கேட்டது.

"கிராணி! மாசுக் கா, கெலுவார் கா?"

உள்ளே போகிறாயா, வெளியே வருகிறாயா என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளிர் என்னைத் தாண்டிப் புகைபுகையாக வெளியே போய், வெயிலில் ஒன்றுமில்லாமல் ஆகிக்கொண்டிருந்தது.