முன்கண்ணாடியில் வேறொருத்தி பெயர்

எங்கள் தடத்தில், வழியெல்லாம் ஆள் ஏற்றி இறக்கும் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறதோ, அதுதான் காருக்கும் பெயர், ஓட்டுகிறவனுக்கும் பெயர். மகள், அம்மா, புனிதர் என்று ஆளாளுக்கு ஒன்று. எலிஹியோவின் பழைய கொரோலாவில் பெரிய வெள்ளை எழுத்தில் அவன் பெண்டாட்டி பெயர். எங்கள் ஊர் சந்தியாகோவின் பாதித் தெருக்களில் "நெரெய்தா, மூலையில நிறுத்து!" என்று கத்தினால் அவன் நிறுத்துவான்.

நான் தெல்சா. கார்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் காபியும் பொரித்த யானிகேகே ரொட்டியும் விற்கிறேன். வாய் கொஞ்சம் நீளம். நெரெய்தா எனக்குச் சிநேகிதி. போன மழைக்காலத்தில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்து செத்துப்போனாள். பிள்ளைகள் கிடையாது. ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் எலிஹியோ காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அழவில்லை. காபி கொடுத்தால் குடித்தான், கொடுக்காவிட்டால் கேட்கவில்லை.

பிறகு ஒரு மண் லாரியிலிருந்து கல் தெறித்து அந்தக் கண்ணாடியில் விரிசல் விழுந்தது. அது நாளுக்கு நாள் நீண்டு எழுத்துக்குள் ஏறியது. மாற்றாவிட்டால் வரிசையில் நிற்கக் கூடாது என்று ஓட்டுநர் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். புதுசுக்கு அவனிடம் வழியில்லை. பழைய சாமான் கடைக்குப் போனால், நொறுங்கிய காரிலிருந்து கம்பியால் அறுத்தெடுத்துத் தருவார்கள்.

"பழசு வேணாம்டா," என்றேன். "எவன் மண்டை மோதுன கண்ணாடியோ! நாங்க எல்லாரும் சீட்டு போட்டுப் புதுசு வாங்கித் தர்றோம். நெரெய்தா பேரைப் புது எழுத்துல ஒட்டிக்கலாம்."

"பாக்கலாம்க்கா."

அந்தப் பெயரை விட மனசு வராமல்தான் இழுத்தடிக்கிறான் என்று நினைத்தேன். பாவம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு காலையில் கார் வந்து நின்றது. பழைய கண்ணாடிதான் போட்டிருந்தான், ஓரமெல்லாம் மணல் கீறல். மேலே ரோஜா நிற எழுத்தில் யுபெல்கிஸ் என்று இருந்தது.

வரிசையில் நின்றவர்களின் வாய்க்கு அவல் கிடைத்தது.

"குழி மண்ணு காயல, அதுக்குள்ள ஆளைப் புடிச்சிட்டியாடா?" என்றான் பின்னால் நின்ற காரின் வில்டோ. "கல்யாணச் சாப்பாடு எப்போ?"

எலிஹியோ கதவைத் திறந்துவிட்டு, பயணிகள் வரட்டும் என்று நின்றான். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணெய் சொட்டும் கரண்டியோடு போனேன்.

"ஒரு பிளேடு கிடைக்கலியாடா சுரண்டிப் போட? அவ இருந்த இடத்துல எவனோ ஒட்டுன எவளோ ஒருத்தி பேரு!"

"கடைக்காரன் சுரண்டத்தான் வந்தான். நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"ஏறுறவங்க எல்லாம் நெரெய்தா எப்படி இருக்கான்னு கேக்குறாங்கக்கா. தெரியாதவங்கதான், அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஒவ்வொருத்தர்கிட்டயும் செத்துட்டான்னு சொல்லணும். சொல்லிச் சொல்லி, இப்ப 'அடுத்தது சந்தை, இறங்குறவங்க இறங்குங்க'ன்னு சொல்ற மாதிரி வருது. சொல்லும்போது எனக்குள்ள ஒண்ணுமே ஆகல."

"அப்ப வெறும் கண்ணாடியா விட்டிருக்கலாமே."

"வெறுமனே இருந்தா பழைய பேரைத்தானே கூப்புடுவாங்க?"

திட்ட வந்தவள் நான். கடைசியில் எனக்குத்தான் அழுகை வந்தது. அவன் தன் கைத்துண்டை எடுத்து என்னிடம் நீட்டினான்.

அன்று மத்தியானம் மாவு வாங்க அவன் காரிலேயே சந்தைக்குப் போனேன். முன்சீட்டில் என்னை இடித்துக்கொண்டு ஒரு பருத்த அம்மாள் ஏறினாள். ஏறும்போதே பெயரைப் படித்திருப்பாள் போல.

"யுபெல்கிஸ் யாரு தம்பி, உன் பொண்ணா?"

நான் சாலையைப் பார்த்துக்கொண்டேன்.

"ஆமாம்மா."

"நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. பள்ளிக்கூடம் போறா."

"எத்தனாவது படிக்கிறா?"

அவன் கியரை மாற்றினான். நெரெய்தா போன பிறகு ஒரு கேள்விக்கு அவன் யோசித்துப் பதில் சொன்னதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மூணாவது," என்றான்.