கோஸ்டிங் என்ற சொல் வந்த வாரம்

கண்டியில் ஒரு இணைய இதழுக்கு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்குவது என் வேலை. புதிதாகப் புழக்கத்துக்கு வந்த ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து பிறந்தன என்று வாரம் ஒரு குறிப்பு வரும். அந்த வாரம் வந்த சொல் கோஸ்டிங்.

கோஸ்ட் என்றால் பேய். விருந்திலிருந்து யாரிடமும் சொல்லாமல் நழுவிப்போவதைக் கேலியாக அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு, பழகியவர் காரணமே சொல்லாமல் தொடர்பை அறுத்துக்கொள்வதற்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வாசித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கட்டாருக்கு வேலைக்குப் போன என் தம்பி எங்களோடு பேசி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. நான் அனுப்பும் செய்திகளை வாசித்துவிடுவான். பதில் மட்டும் வராது.

வார இறுதியில் கலஹாவுக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கேயும் அந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடிக்கொண்டு குறிப்போடுதான் உட்கார்ந்திருந்தேன்.

"அப்படி என்னத்த புள்ள யோசிக்கிற?" என்று அம்மா கேட்டார்.

"சொல்லாம கொள்ளாம பேச்ச நிப்பாட்டிட்டுப் போறதுக்கு இங்கிலீசுல புதுசா ஒரு பேரு வந்திருக்கும்மா. பேய் மாதிரி மறைஞ்சிர்றதுன்னு அர்த்தம்."

அம்மா பயத்தங்காயை ஒடித்துக்கொண்டே இருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார்: "பேயின்னா திரும்பத் திரும்ப வருமே. இவன் வரவே மாட்டேங்கிறானே."

நான் தம்பியைப் பற்றிப் பேச்சே எடுத்திருக்கவில்லை.

மறுநாள் திரும்பும் வழியில், பஸ் மாறப் பேராதனையில் இறங்கியபோது, கட்டாரில் தம்பியோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஊர்க் கூட்டாளி எதிரே வந்தார். லீவில் வந்திருக்கிறாராம்.

"அவன் நல்லாத்தான் இருக்கான்க்கா. பிலிப்பைன் புள்ள ஒண்ணக் கட்டிக்கிட்டான். வீட்டுல சொல்ல வேணான்னான்."

"ஏன்னு சொன்னானா?"

"கேட்டேன்க்கா. பேச்ச மாத்திட்டான்."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவரிடம் அவருடைய பிள்ளைகளைப் பற்றி விசாரித்தேன். அவர் சொன்ன பதில் இப்போது நினைவில் இல்லை. கண்டிக்கு வந்து, அதற்குமேல் தமிழ்ச் சொல் தேடாமல், கோஸ்டிங் என்றே எழுதி அனுப்பினேன்.

மாலையில் அம்மாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"உசுரோட இருக்கான்ல," என்றார். "சரி புள்ள, பைப்புல தண்ணி வருது. புடிச்சி வைக்கணும்."

போனை வைத்துவிட்டார். நான் அடுத்த வாரக் குறிப்பைத் திறந்தேன். முதல் வரியையே பல தடவை வாசித்துக்கொண்டிருந்தேன்.