தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம்

ரங்கூனில் குண்டு விழுந்த மறு வருஷம், கார்த்திகையிலும் மார்கழியிலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் தெருவிலிருந்து நாலு சைக்கிள்கள் கிளம்பும். முதல் சைக்கிளின் முன்கம்பியில், மடித்துப் போட்ட துண்டின் மேல் நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அப்போது எட்டு வயது. திருத்தணியில் என்னைவிடக் கொடுத்துவைத்த பெண் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

சைக்கிளை மிதிப்பவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். யுத்த காலம், புது டயரைக் கண்ணால் பார்க்க முடியாது. கிழிந்த இடத்தில் பழைய டயர்த் துண்டை உள்ளே கொடுத்துத் தைத்திருப்பார். அந்தத் தையல் தரையில் படும்போதெல்லாம் சைக்கிள் ஒரு துள்ளு துள்ளும், நானும் துள்ளுவேன். மற்ற மூவரும் மாமாவின் சிநேகிதர்கள். ஆர்.கே.பேட்டையிலிருந்து வரும் நெசவுக்காரர், எங்கள் தெருத் தையல்காரர், பிறகு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். டிரில் மாஸ்டர் மேடு வந்தால் ஒரு விசில், பள்ளம் வந்தால் இரண்டு விசில் ஊதுவார். அவர் ஊதாவிட்டால் எங்களுக்கு மேடு பள்ளம் தெரியாது என்று அவருக்கு ஓர் எண்ணம்.

இந்தச் சவாரிக்கெல்லாம் காரணம் என் நைனா, என் அப்பா. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது ரங்கூனுக்கு அரிசி மில் வேலைக்குப் போனவர். குண்டு விழுந்த பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. அங்கிருந்து காட்டிலும் மலையிலும் நடந்தே தப்பி வந்தவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் இங்கொருவரும் அங்கொருவருமாக இருந்தார்கள். அப்படி யாராவது வந்திருப்பதாகக் காதில் விழுந்தால், மாமா நைனாவின் போட்டோவை எடுத்துக்கொண்டு போய் விசாரிப்பார். தனியாகப் போய் அந்தப் பதிலைக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் சிநேகிதர்கள். என்னையும் அவர்களோடு அனுப்பியது அம்மா.

“போட்டோ மங்கிப் போச்சுடா. புள்ள மூஞ்சியப் பாத்தா எவனுக்காவது ஞாபகம் வரும்” என்பாள்.

எனக்கு நைனாவின் முகம் நினைவில் இல்லை. அவர் கிடைத்துவிட்டால் இந்தச் சவாரி நின்றுவிடுமே என்று ஒருநாள் நான் கவலைப்பட்டதுகூட உண்டு.

அந்த மாதங்களின் வானத்தை நம்ப முடியாது. கிளம்பும்போது கோயில் மலை துடைத்து வைத்ததுபோல் இருக்கும். ஊர் எல்லை தாண்டித் திரும்பிப் பார்த்தால் மலையே இருக்காது, மேகம்தான் இருக்கும். நனைவோம். அரை மணியில் வெயில் வந்து சட்டை காய்ந்துவிடும். காய்ந்ததும் மறுபடி நனைவோம்.

கனகம்மாசத்திரத்தில் ஒருவர் வந்து தங்கியிருப்பதாகத் தெரிந்த ஞாயிற்றுக்கிழமை, பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி வழிந்து, தரைப்பாலத்தின் மேல் செம்மண் தண்ணீர் ஓடியது. பெரியவர்களுக்கு இடுப்பளவு இருக்கும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டால் தாண்டிவிடலாம்.

“பாப்பா எங்கூட இருக்கட்டும்டா. நீ போய்ட்டு வா” என்றார் டிரில் மாஸ்டர்.

நான் மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினேன். “போவாத மாமா! தண்ணி இஸ்துகினு போய்டும்!”

மாமா என் கையை விலக்கிப் பார்த்தார். நான் விடவில்லை. பிறகு எண்ணெய்த் தாளில் சுற்றிய போட்டோவை நெசவுக்காரரிடம் கொடுத்தார்.

“நீங்க ரெண்டு பேரும் போங்க. பாவாவுக்கு எடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கும். அதையும் கேளுங்க.” அக்கா புருஷன் என்பதால் நைனாவை மாமா பாவா என்றுதான் சொல்வார்.

நெசவுக்காரரும் தையல்காரரும் தண்ணீரில் இறங்கினார்கள். நாங்கள் திரும்பினோம். வீட்டில் அம்மா என் தலையைத் துவட்டினாள். அவள் கண்ணெல்லாம் மாமா மேல்தான் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நெசவுக்காரர் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. தெருமுனையிலேயே நின்று மாமாவைக் கூப்பிட்டார். இருவரும் ஏதோ பேசினார்கள். மாமா திரும்பி வர ரொம்ப நேரம் ஆயிற்று.

“அந்தாளு நேத்தே கெளம்பிப் போயிட்டானாம்க்கா.”

“போவட்டும். வேற யாராவது வராமயா பூடுவாங்க” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பை ஊதப் போனாள்.

எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் மாமா அதைச் சொன்னார். அந்த ஆள் எங்கும் போகவில்லை, அங்கேதான் இருந்திருக்கிறார். போட்டோவைப் பார்த்ததும், இவர்கள் கேட்பதற்கு முன்பே, புருவத்துத் தழும்பைச் சொல்லியிருக்கிறார். வழியில் நைனாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் பாதையோரமாகப் பள்ளம் தோண்டிப் புதைத்தவர்களில் அவரும் ஒருவர்.

“தை பொறக்கட்டும், இந்த ஒரு பொங்கலுக்காவது உங்கம்மா பூ வெச்சிகினு பொட்டு வெச்சிகினு பொங்கல் வெக்கட்டும்னு நெனச்சேம்மா” என்றார் மாமா. “பொங்கல் முடிஞ்சதும் நான்தான் சொன்னேன்.”

சவாரியை நிறுத்தினால் அம்மா ஏன் என்று கேட்பாள். அதனால் நாலு பேரும் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டு, அந்த மார்கழி முழுக்க, யாரும் வந்திராத ஊர்களுக்கெல்லாம் சைக்கிள் மிதித்திருக்கிறார்கள். அம்மா கட்டிக் கொடுத்த சாதத்தை ஏதாவது மரத்தடியில் பிரித்து, என்னை மட்டும் சாப்பிட வைத்திருக்கிறார்கள்.

எனக்கோ அவைதான் எல்லாவற்றிலும் நல்ல ஞாயிற்றுக்கிழமைகள். இன்றைக்கும் மனம் ஏங்குவது அவற்றுக்குத்தான். அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

தரைப்பாலத்திலிருந்து திரும்பியதற்கு அடுத்த வாரம் திருவாலங்காட்டுப் பக்கம் போனோம். இரண்டு பக்கமும் கரும்பு. எந்த ஊரிலும் நாங்கள் இறங்கவில்லை.

“யாரையும் கேக்கலியா மாமா?”

“இன்னிக்கி சும்மா போலாம் பாப்பா.”

சும்மா போவது! வாரா வாரம் இதைத்தானே நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரு சரிவு வந்தது. டிரில் மாஸ்டர் விசில் ஊதவில்லை. மாமா மிதிப்பதை விட்டார். சைக்கிள் தானாகவே ஓடிற்று. முகத்தில் வெயில் அடித்தது. அப்போது என் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று.

“வெயிலும் மழையும்! காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம்!” என்று கத்தினேன். மற்ற நாட்களில் என்னோடு சேர்ந்து கத்துகிற தையல்காரர், அன்றைக்குப் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தும் கரும்புப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் சக்கரத்துக்குப் பின்னால் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. மழை எனக்கு மட்டும் ஏன் பெய்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.