விழக் கூடாது என்று நான் வேண்டிய மரம்

அந்தக் கார்த்திகை வெள்ளிக்கிழமை காலை, பத்து மணி இருக்கும். எங்கள் கொல்லையில் நின்ற தென்னையின் அடிமண் மேலே எழும்புவதையும் தாழ்வதையும் பார்த்தேன். காற்று ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் மண் பிளந்து மூடியது. வேர் அறுகிறது என்று தெரிந்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நாச்சியாரே, என் மரத்தை விழவிடாதே" என்று வாய்விட்டு அழுதேன்.

அவள் அதைக் கேட்டாள். எப்படிக் கேட்டாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் பஜனைக் கூட்டத்துப் பெண்கள் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன் என்றாலும், என்னை நல்லவளாகக் காட்ட இதில் ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குச் சுந்தரபாண்டியம். புயல் என்றால் அது நாகப்பட்டினத்துக்காரர்களுக்கும் கடலூர்க்காரர்களுக்கும் வருவது என்று நம்பியிருந்த ஊர். மேற்கே மலை இருக்கிறது, கடல் எங்கேயோ இருக்கிறது, நமக்கென்ன என்று இருந்தோம். டிவியில் மூன்று நாளாகச் சொன்னார்கள். கண்மாய் நிறையட்டும் என்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. வியாழக்கிழமைகூட ஸ்ரீவில்லிபுத்தூர் போய் நாச்சியாரைச் சேவித்து, பிரசாத மாலை வாங்கி வந்து சாமி அலமாரியில் வைத்தேன்.

அந்தத் தென்னையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகன் கண்ணன் பிறந்தபோது வீட்டுக்காரர் ராணுவத்தில், வடக்கே இருந்தார். பிள்ளையின் முகம் பார்க்க அவருக்கு லீவு கிடைக்கவில்லை. முப்பதாம் நாள் தீட்டுக் கழித்த அன்று நானே குழி தோண்டி, கண்ணன் பேர் சொல்லி அந்தக் கன்றை வைத்தேன். இப்போது வீட்டுக்காரர் ஓய்வு பெற்று வந்துவிட்டார். கண்ணன் அதே வேலைக்குப் போய், அதே வடக்கே நிற்கிறான். மரம் மட்டும் நேராக வளராமல், சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் சாய்ந்துகொண்டு வளர்ந்தது.

பக்கத்து வீடு லட்சுமம்மா வீடு. வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். நல்ல குடும்பம், குறை சொல்ல முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வந்து, "அக்கா, காத்துக்காலத்துல பயமா இருக்கு, அந்த மரத்தை எடுத்துருங்களேன்" என்று தன்மையாகத்தான் கேட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. "எம்பிள்ளை எல்லையில நிக்கான். அவன் பேருல வச்ச மரத்தை வெட்டச் சொல்லுதியளே, உங்களுக்கு மனசு இருக்கா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அன்றோடு பேச்சு நின்றது. வீட்டுக்காரர் ஒரு தடவை, "ஏட்டி, மரத்துக்கும் மகனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். அவருக்கு ஒரு வாரம் ரசம் மட்டும்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை.

மரத்துக்கு ஒன்று ஆனால் மகனுக்கு ஒன்று ஆகும் என்பது என் மனதில் அப்படி ஊறிப்போயிருந்தது. சாஸ்திரம் எதுவும் சொல்லவில்லை. நானாகப் பயந்து, நானாக வளர்த்துக்கொண்டது.

அந்த வெள்ளிக்கிழமை லட்சுமம்மா வீட்டில் ஆண்பிள்ளை யாரும் இல்லை. அவர் வீட்டுக்காரர் ராஜபாளையத்து மில்லுக்கு முதல் நாளே போனவர், பஸ் ஓடாததால் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் இருந்தது லட்சுமம்மாவும், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கோமதியும், பிறந்து பன்னிரண்டு நாளான பெண்குழந்தையும்தான். தாயும் பிள்ளையும் படுத்திருந்த அறைக்கு நேர் மேலேதான் என் மரம் சாய்ந்து நின்றது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மரத்துக்காக வேண்டிக்கொண்டிருந்தேன். சொல்லவே கூசுகிறது. அந்த நேரம் என் கண்ணுக்குக் கண்ணன் மட்டுமே தெரிந்தான்.

எங்கள் வீட்டில் ஓடு பறக்க ஆரம்பித்தது. வீட்டுக்காரர் முன்கதவுக்குப் பெஞ்சை முட்டுக் கொடுத்துவிட்டு, "எல்லாத்தையும் சாமி ரூம்புக்குக் கொண்டு போ" என்றார். எங்கள் வீட்டில் காங்கிரீட் போட்டது அந்த ஓர் அறைதான், மற்றதெல்லாம் ஓடு. நான் பின்வாசலை விட்டு நகரவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டு கும்பிட்டபடி நின்றேன்.

அப்போது காற்று அடங்கியது. செத்த நேரம்தான், இரண்டு நிமிஷம்கூட இருக்காது. மரம் அசையாமல் நின்றது. கேட்டுவிட்டாள் என்று கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். அந்த அமைதியில் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுவது கேட்டது.

எனக்குக் கிடைத்த பதில் அதுதான். அசரீரி ஒன்றும் கேட்கவில்லை, ஒளி ஒன்றும் தெரியவில்லை. பசிக்கு அழுகிற ஒரு பச்சைப்பிள்ளையின் சத்தம். இவ்வளவு நேரம் யாருக்காக வேண்டிக்கொண்டிருந்தாய் என்று யாரோ கன்னத்தில் அறைந்து கேட்டதுபோல் இருந்தது.

ஓடினேன். பின்வாசல் வழியாகச் சுற்றி வந்தால் தெரு முழுக்கத் தண்ணீர், விழுந்து எழுந்து போய் லட்சுமம்மா கதவைத் தட்டினேன். அவர்தான் வந்து திறந்தார்.

"மரம் வேரோட ஆடுது. கோமதியையும் பிள்ளையையும் எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க" என்றேன்.

அவர் அசையவில்லை. "தீட்டு கழியலையேக்கா. உங்க வீட்டுல தளம் போட்டது சாமி ரூம்புல்லா? நாங்க எப்படி வர?"

அவர் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. குழந்தை பிறந்த மூன்றாம் நாள், அவர்கள் வீட்டுத் தண்ணீர் எங்கள் வாசலுக்கு வருகிறது, தீட்டுத் தண்ணீர் என்று பூக்காரியிடம் சொல்வதுபோல் அவர் காதில் விழும்படி சொன்னவள் நான். நான் எவ்வளவு ஆசாரம் பார்ப்பேன் என்று உங்களுக்கே தெரியும். உள்ளதைச் சொல்கிறேன், அங்கே நின்றும் ஒரு நொடி தயங்கினேன். வெள்ளிக்கிழமை, விளக்கு எரிகிறது, அலமாரியில் நாச்சியார் மாலை இருக்கிறது. அந்த மாலையை நினைத்ததும்தான் எனக்குப் புத்தி வந்தது.

"புது மாலையெல்லாம் வேண்டாம், நாச்சியாரு தலையில சூடிக் கழிச்ச மாலைதான் வேணும்னு கேட்டவரு எங்க பெருமாளு. அவரா தீட்டுப் பார்க்கப்போறாரு? பிள்ளையத் தாங்க" என்றேன்.

எனக்குப் பின்னாலேயே வீட்டுக்காரர் தன் பழைய ராணுவ மழைக்கோட்டோடு வந்துவிட்டார். குழந்தையை அதில் சுற்றினோம். கோமதியால் வேகமாக நடக்க முடியவில்லை. ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் லட்சுமம்மாவும் பிடித்துக்கொள்ள, நான் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். அதற்குள் காற்று மறுபடி பிடித்துவிட்டது. எதிரே இருந்த சுவர்கூடத் தெரியவில்லை.

சாமி அலமாரிக்கு முன்னால் பாய் விரித்துக் கோமதியைப் படுக்க வைத்தோம். குழந்தை பால் குடித்துத் தூங்கியது. சரியாகக் கால் மணி நேரம் ஆகியிருக்கும், பெரிய சத்தத்தோடு சுவர் அதிர்ந்தது. எங்கள் நாலு பேருக்கும் அது என்ன சத்தம் என்று தெரியும். லட்சுமம்மா, "அம்மா தல்லி" என்று தெலுங்கில் தாயைக் கூப்பிட்டு என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்குக் காற்று ஓய்ந்தபின் போய்ப் பார்த்தோம். மரம் ஓட்டையும் விட்டத்தையும் உடைத்துக்கொண்டு, கோமதி படுத்திருந்த கட்டிலின் மேல் கிடந்தது. கட்டில் இரண்டாகப் போயிருந்தது. குழந்தையின் தொட்டிற்சேலை மரத்துக்கு அடியில் இருந்தது.  நான் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். குழந்தை பிழைத்த சந்தோஷம் எனக்கு ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. மரம் விழுந்துவிட்டதே, கண்ணன்? டவர் விழுந்து போனும் இல்லை. சனிக்கிழமை முழுக்க ஒரு வாய் சோறு இறங்கவில்லை. இரண்டு வருஷம் முகம் பார்க்காத லட்சுமம்மாதான் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுக்கா" என்று தெலுங்கில் பாதி, தமிழில் பாதியாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். தீட்டு என்று ஒதுங்கியிருக்க வேண்டிய அவர் என் மகனுக்காக என் நாச்சியாரைக் கும்பிட்டார். நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் அடித்தது. கண்ணன்தான். குரலைக் கேட்டதும் அழுதுவிட்டேன். "ஐயா, உன் மரம் விழுந்துட்டுய்யா" என்றேன்.

"விழுந்துட்டா? யாருக்கும் அடி இல்லைல்லா?" என்று கேட்டான். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நான் இங்க நிக்கதே அடுத்தவிய நிம்மதியாத் தூங்கட்டும்னுதான். எம்பேருல ஒரு மரம் அவிய தலைக்கு மேல நின்னுக்கிட்டு இருந்துச்சுன்னா எப்படிம்மா?"

 

மரத்தை அறுத்து, வைரமான அடிப்பகுதியை லட்சுமம்மா வீட்டு அறைக்கே விட்டமாகப் போட்டுக் கொடுத்தோம். என் வீட்டுக்காரர்தான் முன்நின்று வேலை பார்த்தார். குழந்தைக்கு நாச்சியார் பேரையே வைத்தார்கள். பேர் சொன்னது எங்கள் சாமி அறையில். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அந்தக் குழந்தை தவழ்ந்து வந்து என் மாலையைப் பிய்க்கிறது. பிய்க்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

நாச்சியாரிடம் கேளுங்கள். கட்டாயம் கேட்பாள், எனக்குச் சந்தேகமே இல்லை. மரம் விழக் கூடாது என்று நான் கேட்டேன். அவள் மரத்தை விட்டுவிட்டு என் காலை நகர்த்தினாள். ஆனால் தங்கச்சிமாரே, உங்கள் வீட்டு மரம் எதுவாவது அடுத்த வீட்டு மேல் சாய்ந்து நின்றால், முதலில் அதை வெட்டிவிட்டுப் பிறகு கும்பிட உட்காருங்கள். எனக்குத் தந்த இரண்டு நிமிஷத்தை அவள் உங்களுக்கும் தரும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.