வெள்ளை வண்டிக்குப் பச்சைப் பெயின்ட்

வெர்பிவ்கா ஊரில் ஸ்லாவாவிடம் திட்டு வாங்காதவர் யாரும் கிடையாது. டாக்டர் பட்டம் அவளிடம் இல்லை. ஆனால் ஊசியோ, கட்டோ, நடுவழியில் பிரசவமோ, எல்லாவற்றுக்கும் அவள்தான். உக்ரைனின் அந்த மூலையில், கூரை ஒழுகும் சுகாதார நிலையத்தை இருபது வருஷமாக ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்தாள். "பன்றிக்கொழுப்ப விட்டுத் தொலைங்க லெவ்கோ அண்ணே, இல்லேன்னா என் வாசப்படி மிதிக்காதீங்க" என்று விரட்டுவாள். லெவ்கோ கொழுப்பையும் விடமாட்டார், வருவதையும் நிறுத்தமாட்டார். அவர் மனைவி ஓரிஸ்யா ஸ்லாவாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள்.

ஊருக்கு ஓர் ஆம்புலன்ஸ் வேண்டுமென்று ஸ்லாவா நாயாய்ப் பேயாய் அலைந்திருக்கிறாள். போருக்கு முந்தைய வருஷம்தான் கிடைத்தது. வெள்ளை வேன். உள்ளே ஆக்சிஜன், நின்றுபோன இதயத்தை மின்சாரம் கொடுத்து எழுப்பும் பெட்டி. டிரைவர் புரோகிப் அதைத் தினமும் கழுவித் துடைப்பார். கட்டின பெண்டாட்டியைக்கூட இந்த மனுஷன் இப்படிக் கவனித்ததில்லை என்று ஊரே கேலி பேசும்.

பிறகு போர் வந்தது. முதலில் கூரைக்கு வைத்திருந்த பணம் படைக்குப் போயிற்று, அப்புறம் மருந்துப் பணம். யாரும் முணுமுணுக்கவில்லை. எந்த வாயால் முணுமுணுப்பது? ஊரே பறிபோனால் கூரை எதற்கு? அந்தச் சமயத்தில்தான் ஓரிஸ்யாவின் மகன் நாஸார் போர்முனையிலிருந்து பேசினான். அடிபட்டவர்களைக் காய்கறி வேனில் போட்டுக் கொண்டுபோகிறார்களாம்.

ஊராட்சிக் கூட்டம் போட்டார்கள். ஆம்புலன்ஸைப் படைக்குக் கொடுப்பதா என்பதுதான் பேச்சு.

"ஸ்லாவா, நீயாவது வாயத் தொற. நீ சொன்னாத்தான் கேப்பாங்க" என்று புரோகிப் அவள் காதில் முணுமுணுத்தார்.

வேண்டாமென்று சொல்லத்தான் எழுந்தாள். முன்வரிசையில் ஓரிஸ்யா உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பதிலுக்கு எதையாவது சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் முதலில் உயர்ந்தது ஸ்லாவாவின் கைதான்.

மறுநாள் தெருவில் வைத்தே வண்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். பிரஷ்ஷும் கையுமாக நின்ற புரோகிப்பின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"பெயின்ட் நெடி" என்றார்.

"ஆமாமா, நெடிதான்" என்றாள் ஸ்லாவா.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் ஓரிஸ்யா செருப்புகூடப் போடாமல் சுகாதார நிலையத்துக்கு ஓடிவந்தாள். நாஸாருக்கு ஒரு கால் போய்விட்டது. அதே பச்சை வண்டியில்தான் தூக்கிப் போனார்களாம். வழியில் இதயம் நின்றிருக்கிறது.

"உன் பொட்டிதான்டி என் புள்ளைய எழுப்பியிருக்கு! உன் பொட்டிதான்டி!" ஸ்லாவாவின் கைகளைப் பிடித்து மாறி மாறி முத்தம் கொடுத்தாள். அன்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஸ்லாவாவுக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய நிம்மதி இருந்ததில்லை.

பனி உருகத் தொடங்கிய நாளில் லெவ்கோ விறகு பிளந்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்லாவா பையோடு ஓடினாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஊசி போட்டுவிட்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தாள். அவர்கள் வண்டிகளிலும் பாதி போருக்குப் போயிருந்தன, மிச்சம் எங்கோ தூரத்தில். வேறு வழியில்லாமல் புரோகிப்பின் ஓட்டைக் காரில் லெவ்கோவைக் கிடத்தி, ஓரிஸ்யாவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள்.

பாதி வழியில் பாதை முழுக்க ஜனம். பக்கத்து ஊர்ப் பையனின் உடல் போர்முனையிலிருந்து வந்துகொண்டிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் எல்லோரும் சேற்றில் மண்டியிட்டிருந்தார்கள். போரில் செத்தவனுக்கு அங்கே அதுதான் மரியாதை.

"ஹாரன் அடிங்க! ஓரமாப் போங்க!" என்று ஸ்லாவா கத்தினாள். புரோகிப்பின் கை ஹாரனுக்குப் போயிற்று.

"நிறுத்துடா" என்றார் லெவ்கோ. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "யார் பெத்த புள்ளையோ. இறங்குங்க எல்லாரும்."

"அண்ணே, நேரமில்ல..."

"இறங்குன்னு சொல்றேன்ல!"

இறங்கினார்கள். கார்க் கதவைத் திறந்து வைத்து, லெவ்கோவின் மணிக்கட்டைப் பிடித்தபடியே ஸ்லாவா சேற்றில் மண்டியிட்டாள். பக்கத்தில் ஓரிஸ்யா. பூமாலைகளோடு வண்டி மெல்ல ஊர்ந்து கடந்தது. அது தாண்டும் முன்பே விரல்களுக்கடியில் நாடி அடங்கிவிட்டது. அவரைத் தரையில் இழுத்துப் போட்டு, கை சோரும்வரை நெஞ்சை அழுத்தினாள். பெட்டி எங்கேயோ இருந்தது. இவளிடம் இரண்டு கைதான் இருந்தது.

வசந்தத்தில் மறுபடி கூட்டம். சுகாதார நிலையத்துக்கு மிச்சமிருந்த பணத்தை ட்ரோன் வாங்கக் கொடுக்கலாமா என்று தலைவர் கேட்டார். எல்லோரும் ஸ்லாவாவைப் பார்த்தார்கள்.

கறுப்பு முக்காடு போட்ட ஓரிஸ்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போன தடவ என் மூஞ்சியப் பாத்துத்தான் கையத் தூக்கின. இந்தத் தடவ தூக்காத" என்றாள்.

ஸ்லாவா கைகளை மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள். தூக்கப்போவதில்லை. சத்தியமாகத் தூக்கப்போவதில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

முன்வரிசையில், ஓரிஸ்யா அன்று உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் தெக்லா இருந்தாள். அவள் மகன் இன்னும் போர்முனையில்தான் இருந்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை, ஸ்லாவாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.