உமரித் தொட்டி

முதல் வேலையைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் முகம் மலரும். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தாவரவியலில் முதுகலை முடித்ததும் ஒரு தனியார் வேளாண் கல்லூரியில் பாடம் நடத்தச் சேர்ந்தேன். பரமக்குடியிலிருந்து தினமும் பஸ். தற்காலிக வேலைதான். கல்லூரிக்கு அங்கீகாரம் வாங்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. "இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியா முடியட்டும்மா, உங்களை நிரந்தரமாக்கிருவோம்" என்று முதல்வர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மாடாக உழைத்தேன். விடுமுறை நாட்களில் மண்டபம், தனுஷ்கோடி என்று அலைந்து, கடற்கரைச் செடிகளை மண்ணோடு பெயர்த்து வந்து கல்லூரி வாசலில் தொட்டிகளில் வளர்த்தேன். சதைப்பற்றான இலையோடு உமரி, ஊதாப் பூ பூக்கும் அடப்பங்கொடி, கையைக் குத்தும் ராவணன் மீசைப் புல். எல்லாத் தொட்டியிலும் பெயரை நானே பெயிண்டில் எழுதினேன். அவற்றைக் காட்டித்தான் பாடமே நடத்தினேன்.

இன்ஸ்பெக்‌ஷன் நெருங்கியபோது முதல்வர் கூப்பிட்டார். என் படிப்பு செல்லாதாம். வேளாண்மையில் முனைவர் பட்டம் வாங்கியவர்தான் அந்த இடத்தில் இருக்க வேண்டுமாம். அதற்காக மதுரையிலிருந்து ஒருவரை அன்றைக்கு மட்டும் வரவழைக்கிறார்கள். "செடி பேரையெல்லாம் அவருக்குச் சொல்லிக் குடுத்துருங்க" என்றார்.

முந்தின நாளே வந்தவர் நல்ல மனிதர்தான். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்று கூச்சப்பட்டார். ஆனால் செடியைப் பார்க்கவே இல்லை. வாசல் பக்கமிருந்து வரிசையாகப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போனார்.

காலையில் பார்த்தால் தொட்டிகளுக்கெல்லாம் புதிதாகக் காவி அடித்திருந்தார்கள். பெயர்கள் மறைந்துவிட்டன. பார்வைக்கு அழகாக இருக்கட்டுமென்று உயர வரிசைப்படி மாற்றியும் அடுக்கியிருந்தார்கள். என்னை விடுதிச் சமையலறையில் உட்காரச் சொன்னார்கள். வாசலை ஒட்டிய ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அவர் மனப்பாடம் செய்த வரிசை இதுவல்ல. மாட்டிக்கொள்வார், உண்மையில் வளர்த்தது யார் என்று கேட்பார்கள், என்னைக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் நம்பினேன்.

அதிகாரிகளுக்கோ நடை சாத்துவதற்குள் இராமேஸ்வரம் போய்ச் சேர வேண்டும். எங்கள் பக்கம் இன்ஸ்பெக்‌ஷன் என்றாலே தீர்த்தமாடலும் தரிசனமும் சேர்ந்துதான் வரும். கார் கிளம்பத் தயாராக நின்றது. மதுரைக்காரர் நடந்துகொண்டே ஒப்பித்தார். ஒரு பெயர்கூட அதற்குரிய செடியில் விழவில்லை. ஓர் அதிகாரி மட்டும் நின்று, அடப்பங்கொடியின் பூவைத் தொட்டார்.

"இதுதான் உமரியா?"

"ஆமா சார்."

"நல்லா வளர்த்திருக்கீங்க."

பின்னால் நின்ற என் மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஓடிப்போய்க் கத்தலாம் போலிருந்தது. கத்தி என்ன ஆகப்போகிறது? நான் படித்ததெல்லாம் அந்த இடத்தில் யாருக்குமே தேவைப்படவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

அங்கீகாரம் கிடைத்தது. நிரந்தரத்தைப் பற்றிக் கேட்கப் போனேன். "அந்தப் போஸ்ட்லதான் ஆள் இருக்காரேம்மா" என்றார் முதல்வர், மதுரைக்காரரைச் சொல்லி. கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

தொட்டிகளில் மறுபடியும் பெயர் எழுதியிருந்தார்கள், அறிக்கையில் போனது போலவே. எல்லாமே தப்பு என்று சொல்லிப் பார்த்தேன். "அடுத்த தடவை வாரப்ப பேரு மாறியிருந்தா நம்மளைக் கேப்பாகள்ல" என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள், கீழக்கரையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி அடப்பங்கொடித் தொட்டியருகே நின்றாள். கடலோரத்தில் வளர்ந்த பெண். உமரி எது என்று அவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இருந்ததில்லை.

"மேடம், நாளைக்கு மார்க் போட மதுரை சார்தான் வாராராம். நான் எந்தப் பேரை எழுத?"

அவளுடைய மார்க்கை வைத்து நான் என் ரோஷத்தைக் காட்ட முடியுமா?

"தொட்டியில இருக்குறதையே எழுதும்மா."

அவள் தலையாட்டினாள். ஊதாப் பூவைப் பார்த்துக்கொண்டே, உதடு அசைய, உமரி, உமரி என்று மனப்பாடம் செய்ய ஆரம்பித்தாள்.