கோழிக்கறிக்குள் முள் தேடியவன்

இன்று ஓட்டமாவடியில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் என் மானம் கோழிக்கறியோடு போனது.

மகள் படிப்புக்காகக் கொழும்பு விடுதிக்குப் போகிறாள். பஸ் ஏறுமுன் சாப்பிட உட்கார்ந்தோம். வீட்டில் சத்தமாக ஜெபிக்கிற நான், கடை நிறைய ஆட்களைக் கண்டதும் கண்ணைத் திறந்தபடி, சோற்றையே பார்த்துக்கொண்டு மனதுக்குள் ஜெபித்தேன்.

பரிமாறும் தம்பி ஓடி வந்தார். “என்ன அண்ணன், கறிக்குள்ள ஏதும் கிடக்கா?”

“இல்ல தம்பி, முள்ளுக் கிடக்கா எண்டு பாத்தன்.”

“கோழிக்கறிக்குள்ளயா?”

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

“ஆர் பாத்தாலும் ஜெபம் பண்ணாமச் சாப்பிடாத எண்டு வழி முழுக்கச் சொன்னீங்களே. அது எனக்கு மட்டுமாப்பா?”

தூரம் போகிற பிள்ளைக்கு நான் கொடுத்தனுப்ப வைத்திருந்ததே அந்த ஒரு புத்திமதிதான். அதையும் நானே கெடுத்துவிட்டேன். தம்பியைத் திரும்பக் கூப்பிட்டேன்.

“பொய் சொல்லிட்டன் தம்பி. ஜெபம்தான் பண்ணினன்.”

“அதுக்கென்ன அண்ணன், வடிவா ஓதிட்டுச் சாப்பிடுங்க” என்று டிவி சத்தத்தைக் குறைத்தார்.

கண்ணை இறுக மூடி, கடைக்கே கேட்க ஜெபித்தேன். இனி எங்கே போனாலும் இப்படித்தான், தேத்தண்ணிக் கடையிலும்தான். என்னோடு சாப்பிட வரக் கூச்சப்படுகிறவர்கள் இப்போதே கீழே கமெண்டில் சொல்லிவிடுங்கள்.

அந்த ஜெபத்தில் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் சத்தமாகவே நன்றி சொன்னேன். ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை: “ஆண்டவரே, இவ்வளவு நாளும் உம்மை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். இன்று இவளோடு பஸ் ஏறும். என்னோடும் திரும்பி வாரும்.”